எக்ஸ்ரே திரை

கோபிகாவின் வலது தோளுக்குள் ஒரு ஷெல் துண்டு இருக்கிறது. வன்னியில் சிறுமியாக இருந்தபோது, போரில் பாய்ந்தது. எடுத்தால் கை வழங்காமல் செயலற்றுப் போகலாம் என்று வைத்தியர்கள் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். இப்போது வட்டுக்கோட்டையில் சித்திரம் படிப்பிக்கிறாள். தூரிகையை நெடுநேரம் பிடித்தால் தோள் கடுக்கும். அதனால் சாயத்தை விட்டுவிட்டுத் தன் பழைய எக்ஸ்ரே படங்களை வெட்டி, தங்கூசி என்னும் நைலோன் நூலால் தைக்கத் தொடங்கினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது எலும்புகளுக்கு நடுவே அந்தத் துண்டு வெள்ளையாகத் தெரிந்தது.

பிறகு ஊராரிடமும் பழைய எக்ஸ்ரே படங்களைக் கேட்டாள். முறிந்த கால்களும் வளைந்த முதுகுகளும் வந்து சேர்ந்தன. எல்லாவற்றையும் ஒரே மனித உருவமாகத் தைத்து, திரையாகத் தொங்கவிட எண்ணினாள்.

கேள்விப்பட்டு, புத்தூரிலிருந்து தோட்டம் செய்யும் மார்க்கண்டு என்ற கமக்காரர் வந்தார். இறந்துபோன மனைவி செல்வநாயகியின் நெஞ்சு எக்ஸ்ரே படத்தைக் கொண்டுவந்திருந்தார். கலியாணப் படங்களெல்லாம் இடப்பெயர்வில் எரிந்துவிட்டன. அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்து வீட்டில் மாட்டியிருக்கும் முகம் அவள் மாதிரியே இல்லை என்றார்.

"இது எடுக்கேக்கை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னவை. அவ சிரிச்சுப்போட்டா. வெளியிலை நிண்ட எனக்குக் கேட்டது. இதை மட்டும் வெட்டாதை, பிள்ளை."

"ஓம் ஐயா" என்றாள். வெட்டாமலே உருவத்தின் நெஞ்சாக அதை வைத்துத் தைத்தாள்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கண்காட்சி நடந்தது. பார்த்தவர்கள் அந்தத் திரையின் முன்னால்தான் தங்கள் பேச்சை நிறுத்தினார்கள். கொழும்புக்கும் அழைப்பு வந்தது. கடைசி நாளில் மார்க்கண்டு வந்து வெகுநேரம் நின்றார். பிறகு அவளிடம் வந்து, தந்ததைத் திருப்பிக் கேட்பது பிழைதான் என்றார்.

"அது இல்லாமல் வீட்டிலை இருக்கேலாமல் கிடக்கு."

கோபிகாவுக்குக் கோபம் வந்தது. அதை எடுத்தால் உருவமே குலைந்துவிடும். பிரதி ஒன்று எடுத்துத் தரலாமா என்று கேட்க வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடி எடுத்தாள். மண்டபம் வெறிச்சோடியபின், ஓரத்தை அவர் பிடிக்க, படத்தில் கீறல் விழாமல் தையலைப் பிரித்தாள். அவர் அதைச் சேலைத் துண்டொன்றில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

அந்த இடத்தில் தன்னுடைய படமொன்றை வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. வெறுமையாகவே விட்டுவிட்டாள்.

கொழும்பில் அந்த இடைவெளிக்குள்ளால் மறுபக்கம் நின்றவர்களின் முகங்கள் தெரிந்தன. அங்கே என்ன இருந்தது என்று ஒரு பெண் கேட்டாள்.

"ஒரு அம்மா இருந்தவ," என்றாள் கோபிகா. "வீட்டை போயிட்டா."