பதினாலாவது வீடு

இந்தோனேசியாவில் நான் கால் வைத்ததே இல்லை. ஆனால் புளோரஸ் தீவின் நடுவில், கடல் கண்ணில் படாத ஒரு மலைச்சரிவில் இருக்கும் சின்னக் கிராமம் ஒன்றில் எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடு என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். அந்த ஊரின் படத்தைக் கீறியவன் நான். மெல்பேர்ணில், ஒரு பல்கலைக்கழகத்தின் நிலக்கீழ் அறையில், யன்னல்கூட இல்லாத இடத்தில் இருந்துகொண்டு கீறினேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்களைப் போன்ற நிறக்காரரையும் அவுஸ்திரேலியா உள்ளே விடத் தொடங்கிய புதிது. இலங்கையில் நில அளவைக் கந்தோரில் பதினொரு வருஷம் படவரைஞனாக இருந்த எனக்கு, மானிடவியல் பகுதியில் வரைபடம் கீறும் வேலை கிடைத்தது. ஒரு வருஷம் தற்காலிகம். பேராசிரியருக்குத் திருப்தி என்றால் நிரந்தரம்.

பேராசிரியர் அந்தக் கிராமத்தில் பதினாலு மாதம் இருந்துவிட்டு வந்தவர். வந்த நாள் தொட்டு அது அவருடைய கிராமமாகிவிட்டது. தேநீரில் சீனி கூடிப்போனால்கூட, "என் கிராமத்தில் இப்படிச் செய்யமாட்டார்கள்" என்பார். வெள்ளிக்கிழமை விருந்துகளுக்குச் சாரம் கட்டிக்கொண்டு வருவார். கட்டத் தெரியாது, கோதாரி. ஒரு கையில் வைன் கிளாஸ் இருக்கும், மற்றக் கையை இடுப்பை விட்டு எடுக்கமுடியாது. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து சாரம் கட்டிய நான், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக மூலையில் நின்று அந்தக் கண்காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் என்னருகில் வந்து, "உங்கள் கிராமமும் இப்படித்தான் இருக்கும், இல்லையா?" என்று கனிவோடு கேட்டார். எங்கள் ஊரில் ரயில் நிலையமும் இரண்டு ஆங்கிலப் பள்ளிக்கூடமும் இருக்கின்றன என்றேன். மனிதருடைய முகம் அப்படியே வாடிப்போயிற்று. எனக்கே பாவமாக இருந்தது.

அவர் அப்போது ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். முந்நூறு பக்கத்துக்கும் ஒரே சங்கதிதான்: சமநிலை. மேட்டுப் பக்கம் பதின்மூன்று வீடு, பள்ளத்துப் பக்கம் பதின்மூன்று வீடு, நடுவில் கல் பாவிய முற்றம். ஒவ்வொரு வீட்டுக்கும் எதிர் வரிசையில் ஒரு சோடி வீடு. நாங்கள் எல்லோரும் தொலைத்துவிட்ட ஏதோ ஒன்றை அந்த இருபத்தாறு வீடும் காப்பாற்றி வைத்திருக்கின்றனவாம். அதை நாங்கள் எங்கே தொலைத்தோம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் ஐம்பது பக்கம் எழுதுவார்.

அவருடைய அளவுக் குறிப்புகளை வைத்து ஊரின் படத்தைக் கீறி முடித்தேன். ஒரு கிழமை வேலை. குறிப்பில் உள்ளபடி பள்ளத்து வரிசையில் பதின்மூன்று வீடு வந்தது. மேட்டு வரிசையில் பதினாலு வந்தது. பேராசிரியர் படத்தைப் பார்த்துக்கொண்டே மேட்டு வரிசையின் கடைசி வீட்டில் விரலை வைத்தார்.

"இது வேண்டாம்."

"உங்களுடைய குறிப்பில் இருக்கிறதே, சேர்?"

"இருக்கிறது. ஆனால் தகரக் கூரை போட்ட வீடு. பாரம்பரியமானது அல்ல."

"வீடு அங்கே நிற்கிறதா, இல்லையா?"

"நிற்கிறது. ஆனால் அமைப்பில் இல்லை" என்றார்.

எங்களுடைய யாழ்ப்பாணத்து ஆட்களைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டான் என்று தலைமுறை தலைமுறையாகக் கோட்டுக்கு ஏறுகிற சனம் நாங்கள். என் சொந்தப் பெரியப்பா ஒரு பூவரசு யாருடைய காணியில் நிற்கிறது என்று பதினெட்டு வருஷம் வழக்காடினார். தீர்ப்பு வந்தபோது மரம் பட்டுப்போயிருந்தது. காணிப் படத்தில் ஒரு பாழ்கிணற்றைக் குறிக்க மறந்த படவரைஞனை எங்கள் கந்தோரில் மறியல் கம்பிக்குள் அனுப்பாத குறை. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்த நான், கதிரையில் இருந்துகொண்டு, பிளேட் ஒன்றை எடுத்து, ட்ரேசிங் தாளிலிருந்து ஒரு முழு வீட்டைச் சுரண்டி எடுத்தேன். மை காய்ந்துவிட்டால் ரப்பரால் அழியாது, பிளேட்டால்தான் சுரண்டவேண்டும். பத்து நிமிஷம் எடுத்தது. நல்ல சுத்தமான வேலை என்று பேராசிரியர் தோளில் தட்டினார்.

பின்னேரம் வீட்டில் இதை ஒரு பகிடியாகத்தான் மனைவிக்குச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"ஆற்ற வீட்டை அழிச்சனீங்கள்?"

"ஆருக்குத் தெரியும்? ஒரு தகர வீடு."

"ஆக்கள் இருக்கிற வீடோ?"

"இருப்பினம்."

"விசரே உங்களுக்கு? ஆக்கள் இருக்கிற வீட்டை அழிக்கச் சொன்னவுடன அழிச்சுப்போட்டு வந்து நிக்கிறியள்! கண்டறியாத பேராசிரியரும் அவற்ற படமும்." பிறகு குசினிக்குள் போனவள், கொஞ்சம் யோசித்துவிட்டு அங்கிருந்தே சொன்னாள்: "சரி, பேர்மனன்ற் ஆகுமட்டும் வாயைப் பொத்திக்கொண்டிருங்கோ."

பொத்திக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

இரண்டு மாதம் போயிருக்கும். அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் ஏதோ பயிற்சிக்காக மெல்பேர்ணுக்கு வந்து சேர்ந்தார். பேராசிரியர் அவரைப் பகுதி முழுவதும் கூட்டிக்கொண்டு திரிந்தார், கலியாண வீட்டில் மாப்பிள்ளையைக் காட்டுவதுபோல. கடைசியில் என்னிடம் கொண்டுவந்து விட்டார். "ஞாயிற்றுக்கிழமை இவருக்கு உங்கள் வீட்டில் சாப்பாடு கொடுக்க முடியுமா? நீங்கள் இருவரும் ஒரே மாதிரிச் சாப்பாட்டுக்காரர்தானே?" புளோரஸுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் ஒரு சமுத்திரமே கிடக்கிறது என்பது பேராசிரியருக்குத் தெரியாமல் இராது. ஆனால் இரண்டு பேரும் கையால் தின்போம் என்பது அவருக்குப் போதுமாக இருந்தது.

நாங்கள் அப்போது கிளென் வேவர்லியில் இருந்தோம். ரயில் பாதை அங்கே முடிந்துவிடும், ஊரும் கிட்டத்தட்ட அங்கேதான் முடிந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்போதும் அப்பிள் மரங்கள் நின்றன. ஆசிரியர் ஸ்ரேஷனிலிருந்து நடந்தே வந்தார். நாற்பது வயது இருக்கும், ஒல்லியான மனிதர், சப்பாத்து இரவல் என்பது நடையில் தெரிந்தது. என்னைப் "பாக்" என்று கூப்பிட்டார். அவர்கள் பாஷையில் ஐயா என்று அர்த்தமாம். மனைவி புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் வைத்திருந்தாள். உறைப்புக்குப் பயப்படாமல் அவர் சாப்பிட்ட விதத்திலேயே அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவருடைய ஆங்கிலம் சின்னச் சின்ன வசனமாக வரும். "பேராசிரியர் என் வீட்டில்தான் இருந்தார்" என்றார். "பதினாலு மாதம். புல் வேய்ந்த வீட்டில் படுக்கமாட்டார். கூரையிலிருந்து பூச்சி விழும் என்று பயம். என் வீடு தகரம். பூச்சி இல்லை."

நான் குனிந்து புட்டைக் குழைத்துக்கொண்டே இருந்தேன். மனைவி கறியை அவர் பக்கம் தள்ளிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

அவர் தொடர்ந்து சொன்னார். அவர்கள் ஊரில் எருமை வெட்டினால் நடு முற்றத்தில் வைத்து வீட்டுக்கு ஒரு பங்கு போடுவார்கள். ஒவ்வொரு வீட்டின் பெயரையும் ஒருவர் உரத்துக் கூப்பிட, அந்த வீட்டார் போய் வாங்கவேண்டும். அவருடைய தகப்பனின் வீடு மேட்டு வரிசையில் பதினாலாவதாகக் கூப்பிடப்பட்டது. அந்த வீடு எரிந்துபோயிற்று. இனியும் எரியக்கூடாது என்று இவர் தகரம் வாங்கி, ரோட்டிலிருந்து இரண்டு நாள் தோளில் சுமந்து, அதே இடத்தில் வீடு கட்டினார். அன்றோடு கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். புல் வேயாத வீடு வீடே இல்லையாம்.

"இறைச்சி தரமாட்டார்களோ?" என்று மனைவி கேட்டாள்.

"தருவார்கள், அம்மா. எல்லாம் முடிந்த பிறகு பின்பக்கமாக வந்து தருவார்கள். அன்பாகத்தான் தருவார்கள். ஆனால் கூப்பிடமாட்டார்கள். கூப்பிடாத வீட்டில் பெண் எடுக்க ஒருவரும் வரமாட்டார்கள். எனக்கு இரண்டு மகள்."

எனக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கோயிலில் காளாஞ்சி மரியாதைக்கு யாரை முதலில் கூப்பிடுவது என்று மண்டை உடைந்த ஊரிலிருந்து வந்தவன் நான்.

"பேராசிரியர் ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னார், தன் புத்தகத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கம் இருக்கும் என்று" என்றார் ஆசிரியர். "அவர்கள் யோசித்தார்கள். புத்தகத்தில் என் வீட்டுக்கு இலக்கம் இருந்தால் தாங்களும் கூப்பிடுவோம் என்று ஒப்புக்கொண்டார்கள். அவுஸ்திரேலியாப் புத்தகம், பொய் சொல்லாது. நாளைக்குப் பல்கலைக்கழகத்தில் படத்தைப் பார்க்கப்போகிறேன். ஒரு பிரதி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவேன்." சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் கறி விட்டுக்கொண்டார்.

அவரை ஸ்ரேஷனில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றாள்.

"இஞ்சேருங்கோ, நாளைக்கு முதல் வேலையா அந்த வீட்டைத் திருப்பிக் கீறி வையுங்கோ. அழிக்கப் பத்து நிமிசம் எண்டால் கீறவும் பத்து நிமிசம்தானே?"

"ஓம், கீறலாம்" என்றேன். சத்தியமாகக் கீறத்தான் நினைத்தேன்.

மறுநாள் எட்டரைக்கே போய்ப் படத்தை விரித்து, பேனையில் மையும் விட்டுவிட்டேன். அச்சகத்துக்குப் போக இன்னும் இரண்டு கிழமை இருந்தது. கீறியிருந்தால் ஒருவரும் கவனித்திருக்கமாட்டார்கள். பேராசிரியர் தன் முந்நூறு பக்கத்தைத் தவிர வேறு எதையும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. ஆனால் நான் கந்தோரில் வளர்ந்தவன். மேலிடத்தைக் கேட்காமல் ஒரு புள்ளியும் வைக்கமாட்டேன். பேனையை மூடிவைத்துவிட்டு மாடியேறிப் போய்க் கேட்டேன். மடையன்! இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் படிகளை நினைத்தால் என்னை நானே அறையவேண்டும்போல் இருக்கிறது.

பேராசிரியர் பொறுமையாகக் கேட்டார். "ஊர்க்காரருக்குத் தங்கள் ஊரின் அமைப்பு முழுதாகத் தெரியாது" என்றார். "இது புகைப்படம் அல்லவே, ஒரு மாதிரிப் படம். அவருக்கு நானே விளக்குவேன்." பிறகு சிரித்துக்கொண்டு, "உங்களை நிரந்தரமாக்கும் கடிதம் மேசையில் இருக்கிறது. இன்றைக்குக் கையெழுத்து வைக்கப்போகிறேன். வாழ்த்துகள்" என்றார். அவர் என்னை மிரட்டவில்லை. மிரட்டத் தெரியாத நல்ல மனிதர். மிரட்டியிருந்தால் எனக்கு ரோஷமாவது வந்திருக்கும்.

"தாங் யூ, சேர்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

பத்து மணிக்கு ஆசிரியர் வெள்ளைச் சேட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்தார். பேராசிரியரும் கூடவே வந்தார். ஆசிரியர் படத்துக்கு மேல் குனிந்து, வீடு வீடாக விரலை வைத்து எண்ணினார். ஒவ்வொன்றுக்கும் வீட்டின் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டார். மேட்டு வரிசையில் பதின்மூன்று வந்ததும் விரல் நின்றது. திரும்ப முதலிலிருந்து எண்ணினார்.

பேராசிரியர் விளக்கத் தொடங்கினார். சமநிலை, சோடி, அமைப்பு என்று கால் மணித்தியாலம். படிப்பிக்கிற மனிதர் என்பதால் ஆசிரியர் ஒரு சொல்லும் மறித்துப் பேசாமல் தலையாட்டிக் கேட்டார். விளக்கம் முடிந்த பிறகு, வெறுமையாக இருந்த அந்த இடத்தில் விரல் நுனியால் மெதுவாகத் தடவினார். மறுபடி தடவினார். பிறகு என்னைத்தான் பார்த்தார்.

"பாக், நீங்கள்தானே கீறினீர்கள்? மற்ற இடமெல்லாம் தாள் வழுவழுப்பு. இந்த இடம் மட்டும் சொரசொரப்பு. இங்கே முதலில் ஏதாவது இருந்ததா?"

பேராசிரியர் தன் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"இல்லை" என்றேன். "தாள் அப்படித்தான்."

"அப்படியா" என்றார் ஆசிரியர். விரலை எடுத்துக்கொண்டார். நேற்றைய சாப்பாட்டுக்கு நன்றி சொல்லி, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, அம்மாவிடமும் சொல்லச் சொன்னார். பிரதி வேண்டும் என்று கேட்கவில்லை.

பின்னேரம் நான் சப்பாத்தைக் கழற்றமுன்னமே மனைவி கேட்டாள்.

"கீறினீங்களோ?"

"கடிதம் வந்திட்டுது. பேர்மனன்ற்."

"நான் அதைக் கேக்கேல்லை."

நடந்ததைச் சொன்னேன். தாள் அப்படித்தான் என்று சொன்னதையும் சொன்னேன். ஏசுவாள் என்று பார்த்தேன், ஏசவில்லை. குசினிக்குப் போய் ஒரு சின்னச் சட்டியைச் சூடாக்கிக்கொண்டு வந்தாள். நேற்றைய ஆட்டிறைச்சிக் கறி, நல்ல துண்டுகளாகப் பார்த்து எடுத்து வைத்தது.

"அந்த மனுசன் திரும்பிப் போகமுன்னம் இன்னொருக்காக் கூப்பிட்டுக் குடுப்பம் எண்டு வைச்சனான்" என்று சொல்லிக்கொண்டே முழுவதையும் என் சாப்பாட்டுக் கோப்பையில் கொட்டினாள். "இனி எந்த முகத்தோட கூப்பிடுறது? நீங்களே தின்னுங்கோ."

தின்றேன். முதல் நாளைவிட ருசியாகத்தான் இருந்தது.