கேட்க ஆளில்லாத ஏலம்

முதலாளித்துவம் எப்படி முடியும் என்று சொல்லும் தடித்த புத்தகங்கள் என்னிடம் மூன்று இருந்தன. மூன்றையும் வாசித்தவன் ஊரில் நான் ஒருவன்தான். ஆகவே அதை முடித்துவைக்கும் பொறுப்பும் என்னிடமே வந்ததில் அதிசயம் இல்லை.

எங்கள் வேதக்கோயில் திருநாளன்று பின்னேரம் ஏலம் நடக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் மாறினால் கோழி, வள்ளம் சுகமாய்க் கரைசேர்ந்தால் கிடாய் என்று நேர்ந்தவர்கள் அன்றைக்குக் கொண்டுவருவார்கள். அதில் ஒரு வழக்கம் உண்டு. கோழியைக் கொடுத்த வீட்டுக்காரனே அதைத் திரும்ப ஏலத்தில் எடுப்பான். பக்கத்து வீட்டுக்காரன் சும்மா விலை கேட்டுக் கொஞ்சம் ஏற்றிவிட்டு, நல்ல நேரத்தில் வாயை மூடிக்கொள்வான். கோழி ஆசீர்வாதத்தோடு வீட்டுக்குப் போகும், காசு கோயிலுக்குப் போகும்.

ஏலம் கூவுகிறவன் நான். கந்தோரில் வெறும் கிளாக்கர், வாய் மட்டும் மேலதிகாரியுடையது.

ஒரு வருடம் காற்றில் கோயில் கூரை ஓடு எல்லாம் போய்விட்டது. பாதியை இந்த ஏலத்தாலும் மீதியை அடுத்த ஏலத்தாலும் மூடலாம் என்றார் பங்குச் சுவாமியார். சண்டை முடிந்து பாதை திறந்து நண்டு கொழும்புக்குப் போகத் தொடங்கியதில் பெரியாளான முதலாளி ஒருவர் ஊரில் இருந்தார். கரையில் நண்டுக்கு ஐஸ் போடுகிற வாடி, நானாட்டானில் வயல். அவரை முன்வரிசைக் கதிரையில் இருத்தி, அவரைப் பார்த்தே கூவினேன்.

"முதலாளி பாத்துக்கொண்டிருக்க, இந்தக் கோழி வேறை ஆற்றையும் கையிலை போகலாமோ?"

அவருக்கு ரோசம் வந்தது. ஒரு கோழியையும் விடவில்லை. பிள்ளையின் காய்ச்சலுக்காகக் கோழி கொடுத்த ஒரு பெண், தன் புருசன் கேட்டுக் கேட்டுத் தோற்றதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனாள். கண்டேன். சந்தைப் போட்டியின் இயல்பு என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு அடுத்த கோழியைக் கூவினேன்.

கோயில் அதுவரை காணாத காசு. பாதிக் கூரைக்கு ஓடு ஏறியது. நான் ஒரு மாதம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். என் வயிறு இருக்கிற இருப்பில் அது லேசான காரியமல்ல.

அடுத்த திருநாளுக்கு ஏலத்துக்கென்று வந்தது ஒரேயொரு கிடாய், முதலாளி நேர்ந்தது. சனம் வராமலில்லை. எல்லாரும் வந்து, கச்சான் கடலை உடைத்துத் தின்றுகொண்டு நின்றார்கள். தொண்டை கட்டும்வரை கூவினேன். ஒருவரும் விலை கேட்கவில்லை. தன் கிடாயை முதலாளி தானே எடுக்கலாம், வழக்கம்தானே. ஆனால் விலையை ஏற்றிவிட இன்னொருவர் வேண்டுமே.

"ஆராவது கேளுங்கோவன்," என்றார் அவர் கடைசியில், கெஞ்சுகிற மாதிரி.

போன வருடம் கோழியைப் பறிகொடுத்த அந்தப் புருசன்தான் வாய் திறந்தான்.

"நாங்கள் கேட்டால் நீங்கள் விடமாட்டியள் முதலாளி. நீங்களே கேளுங்கோ, நாங்கள் நிண்டு பாக்கிறம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாயிருந்தது. முதலாளி கேட்ட முதல் விலைக்கே கிடாய் போனது. கொடுத்தவரும் அவர், கேட்டவரும் அவர், விலை வைத்தவரும் அவர். என் புத்தகங்கள் கடைசி அத்தியாயத்துக்கு ஒத்திவைத்திருந்த நாள் பொழுதுபடமுன்னமே எங்கள் கோயில் முற்றத்துக்கு வந்துவிட்டது. புரட்சி கிரட்சி ஒன்றும் இல்லை. சனம் கச்சான் கோதைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போக வெளிக்கிட்டது.

முதலாளி எழும்பி, மிச்சக் கூரையைத் தானே போட்டுத் தருவதாகச் சொன்னார். நான் கைதட்டினேன். தனியாளாய்க் கைதட்டுவது எவ்வளவு கேவலமான சத்தம் என்று அன்றுதான் தெரிந்தது. மழைக்கு ஒதுங்கவும் இனி அவரைத்தான் கேட்கவேணும் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். சுவாமியார் முதலாளிக்கு நன்றி சொல்லி, வேண்டாம் என்றார். பிறகு என்னிடம், ஏலத்தைத் திரும்ப வைப்போம், வீடு வீடாய்ப் போய்க் கேட்டு வாரும் என்றார்.

போனேன். கோழி இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை, முற்றத்துக் கோழிகள் என் காலுக்குள்ளால்தான் ஓடின. எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி: கூவுறது ஆர்? அன்றைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போன அந்தப் பெண் மட்டும் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, மரியாதையாய்ச் சொன்னாள்.

"நீங்கள் கூவாட்டி ரெண்டு கோழி தாறன் அண்ணை."

மாரிக்கு முன் மறு ஏலம் நடந்தது. கோயில் மணி அடிக்கிறவர் கூவினார். அவர் குரல் நாலு கதிரைக்கு அப்பால் கேட்காது, ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்ல நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். முந்தின வருடத்து அளவுக்குக் காசு வரவில்லை. ஓடு போதாமல்போன ஒரு மூலையைத் தென்னோலைக் கிடுகால் மூடினோம்.

எனக்குக் கோழிகளின் காலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிற வேலை தந்தார்கள். அதில் பேசத் தேவையில்லை.