மோதிரத்தையும் வெளுக்கவைத்த களிம்பு

ஷுக்ரிய்யாவின் முகமும் கழுத்தும் வேறு வேறு ஆளுடையவை போலிருக்கும். முகம் மாவு வெள்ளை, கழுத்து கோதுமை நிறம். அமாரா ஊரில் வீட்டு முன்னறையிலேயே பதினெட்டு வருஷமாகப் பெண்களுக்கு அழகு நிலையம் நடத்துகிறாள். சந்தையில் பெயர் ஒட்டாத டப்பாவில் விற்கும் வெள்ளைக் களிம்போடு மருந்துக்கடையில் வாங்கிய நாலு குழாய்த் தோல் மருந்தும் பன்னீரும் விட்டுத் தயிர் வாளியில் கலக்குவாள். அதற்காக அடுத்த தெருப் பெண்கள்கூடக் கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள்.

கொஞ்ச நாளாக அவள் கை நடுங்கியது. நூலால் புருவம் எடுத்தால் ஒன்று மேலே போனது, ஒன்று கீழே வந்தது. வாயில் எப்போதும் செப்புக்காசைச் சப்பிய ருசி. டீத்தூள்தான் சரியில்லை என்று கடையை மாற்றினாள்.

இதற்கிடையில் மகள் விஜ்தானுக்கு நிச்சயமானது. மாப்பிள்ளை ஹாதிம் போட்ட தங்க மோதிரம் மூன்றாவது வாரமே வெள்ளிபோல வெளுத்துவிட்டது. பித்தளைக்குப் பூச்சு பூசி ஏமாற்றிவிட்டார்கள் என்று ஷுக்ரிய்யா தெருவுக்கே கேட்கும்படி சத்தியம் செய்தாள். ஹாதிமைப் பிடித்துப்போயிருந்த விஜ்தான் சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஹாதிமின் அம்மாவை ஊரே உம் ஹாதிம் என்றுதான் கூப்பிடும். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. நகை வாங்கிய கடையிலேயே கேட்போம், போலி என்றால் நிச்சயத்தை முறித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

கடைக்காரர் ஸஹ்ரூன் சபியன் சமூகத்துத் தங்கவேலைக்காரர். மோதிரத்தை உரைகல்லில் அழுத்தித் தேய்த்தார். வெளுப்புக்கு அடியில் மஞ்சள் தெரிந்தது.

"தங்கம் சுத்தமா இருக்கு. மேல ஏறியிருக்கிறது பாதரசம். பொண்ணு கையில என்ன தடவுது?"

ஏதோ களிம்பு என்று ஷுக்ரிய்யா முனகினாள்.

"என்ன களிம்பு, அக்கா?"

"நான் கலக்குறதுதான்."

மோதிரத்தை நெருப்பில் காட்டவே மாட்டேன், அந்தப் புகை ஆளையே சாய்த்துவிடும் என்றார் அவர். தங்கத்தையே பிடித்துக்கொள்கிற சாமான் தோலோடு நிற்காது. நரம்புக்குப் போகும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், கை நடுங்கும், வாயில் செம்பு ருசிக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். ஷுக்ரிய்யா தன் கைகளை மெல்ல அங்கிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"தப்பு என்னோடது, உம் ஹாதிம். எம்பொண்ண விட்டுடாதீங்க."

உம் ஹாதிம் அங்கிக்குள்ளிருந்து இடது கையை வெளியே நீட்டினாள். ஆறு வளையலும் தகரம் மாதிரி வெளுத்திருந்தன.

"நாத்தனார அனுப்பி இந்தக் களிம்ப உங்ககிட்டதான் வாங்குவேன். வளையல் வெளுத்ததும், பித்தளைய வாங்கிக் குடுத்துட்டாருன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட நாப்பது நாளா நான் பேசல."

ஸஹ்ரூன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உரைகல்லை வெகுநேரம் துடைத்தார்.

நிச்சயம் முறியாமலிருக்க உம் ஹாதிம் ஒரே நிபந்தனைதான் போட்டாள். தன் புருஷனிடம் உண்மையை ஷுக்ரிய்யாவே வந்து சொல்ல வேண்டும். அவளும் அப்படியே போய்த் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் கோபப்படவில்லை. தலைத்துணியை அவிழ்த்தார். வழுக்கை, தோலுரித்த அவித்த முட்டையாக மின்னியது.

"அந்தக் களிம்பு அலமாரியில இருந்துச்சு. முடி முளைக்கிற மருந்துன்னு நெனச்சேன்."

மறுநாள் காலையில் விஜ்தானோடு சேர்த்து நாலு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரிடம் காட்ட, மூடி கட்டிய களிம்பு வாளிகளை ஷுக்ரிய்யா மடியிலேயே வைத்திருந்தாள். ரத்தப் பரிசோதனை வரிசையில் உட்கார்ந்தபடியே கல்யாணத் தேதியைக் குறித்தார்கள்.