காப்பிக்கொட்டை வெடிக்கிற நேரம்

எங்க வூட்டுக்காரரு ஏரிக்குள்ள வலை போடப் போனா நான் நிம்மதியா தூங்குவேன். கடலுக்குப் போனாருன்னா காப்பிக்கொட்டை வறுக்க நின்னுடுவேன். நான் காட்டூர்க்காரி, நெல்லு வெளையுற ஊரு. வயலுக்குப் போன ஆம்பளை திரும்பி வருவானான்னு எங்க ஊர்ல எவளும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கினு இருக்கமாட்டா. கோட்டைக்குப்பத்துக்கு வாக்கப்பட்டு வந்து இத்தினி வருசமாச்சு, இந்தப் பயம் மட்டும் போவவே இல்ல.

வறுக்கக் கத்துக்கினது பொன்னேரியில, கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு காப்பித்தூள் கடையில வேலை பார்த்தப்போ. தூள் வாங்குற சாக்குல வந்து வந்து நின்ன ஆளைத்தான் கட்டிக்கினேன். பச்சைக்கொட்டை இன்னிக்கும் அங்கதான் வாங்குறேன். பீபரின்னு ஒரு வகைக் கொட்டை, உருண்டையா இருக்கும், சட்டியில தானா உருண்டு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி செவக்கும். தட்டைக்கொட்டைக்கு அந்தப் புத்தி இல்ல, கொஞ்சம் அசந்தா ஒரு பக்கம் கருக்கிக்கும். ரொபஸ்டான்னு இன்னொரு வகை, அது முரடு, நேரம் புடிக்கும், அதைத் தனியாத்தான் வறுக்கணும். எதுவா இருந்தாலும் கையை எடுக்காம கிண்டிக்கினே இருக்கணும். எனக்கு வேண்டியதும் அதுதான். சும்மா இருந்தா என் கை நடுங்கும்.

போன வாடைக்காத்துல ஒரு நாள், விடியறதுக்கு முன்ன கடலுக்குப் போன எங்க போட்டு வெயில் ஏறியும் திரும்பல. மத்த போட்டெல்லாம் வந்துடுச்சு. முகத்துவாரத்துல அலை பெருசா ஒடையுதுன்னு வந்தவங்க சொன்னாங்க. ஏரியும் கடலும் சேர்ற அந்த வாயிலதான் போட்டு கவுந்துடும். போனைப் போட்டா சுவிட்ச் ஆஃப். கரைக்கு ஓடிப் பார்த்தேன், அங்க நிக்க முடியல. திரும்பி வந்து கொல்லையில அடுப்பைப் பத்த வெச்சேன்.

பக்கத்து வூட்டு அக்கா புருசனும் அதே போட்டுலதான் போயிருந்தாரு. அந்தக்கா என்னடான்னா என் பக்கத்துல உக்காந்து சாவகாசமா எறா உரிக்குது. "இன்னாடி காப்பிக்காரி, கிண்டிக் கிண்டி சட்டியை ஓட்டை போட்டுடுவ போலக்குது. வருவாங்கடி, எங்க போயிடப் போறாங்க"ன்னு சிரிப்பு வேற. எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. இன்னா பொம்பளை இது, நெஞ்சு இன்னா கல்லா?

கொட்டை மஞ்சளாச்சு, செவந்துச்சு, படபடன்னு வெடிக்க ஆரம்பிச்சுது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பக்குவம் பார்த்து எறக்கணும். ஆனா என் காது எங்க போட்டு எஞ்சின் சத்தத்துக்கு ஏங்குது. எத்தினி எஞ்சின் ஒண்ணா வந்தாலும் அது எனக்குத் தனியா தெரியும். கொட்டை வெடிக்கிறதுல அது கேக்காம போயிடுமோன்னு அடுப்பை அணைச்சேன். காத்துதான் கேட்டுச்சு. மறுபடி பத்த வெச்சேன், மறுபடி அணைச்சேன். நல்ல பீபரி, வெந்தும் வேகாம பாழாப் போச்சு. போனா போவட்டும், கொட்டைக்கு இன்னா இப்போ! இன்னொரு தரம் பத்த வெச்சுட்டு, கிண்டக்கூட மறந்து மரமாட்டம் நின்னேன்.

"இன்னாமே, தீயுற நாத்தம் தெருமொனை வரைக்கும் வருது?"

திரும்பினா, சொட்டச் சொட்ட நனைஞ்சு போய் நிக்கிறாரு. எஞ்சின் கடல்லயே நின்னு போச்சாம், வேற குப்பத்து போட்டு கயிறு கட்டி இழுத்தாந்து வுட்டுச்சாம். வராத சத்தத்துக்கா நான் இம்மா நேரம் காது குடுத்துக்கினு இருந்தேன்! "யோவ், ஏன்யா என் உசுரை வாங்குற?"ன்னு கரண்டியாலயே தோள்ல ஒண்ணு வெச்சேன். அப்புறம் அந்த ஈரச் சட்டையைப் புடிச்சுக்கினு ஓன்னு அழுதேன்.

அக்கா புருசனும் பின்னாடியே வந்து நின்னாரு. "போய் துணியை மாத்து"ன்னு மட்டும் சொல்லுச்சு அக்கா. ஆம்பளைங்க ரெண்டு பேரும் அவங்கவங்க வூட்டுக்குள்ள போனாங்க. அக்கா எழுந்திருக்கப் பார்த்துச்சு, முடியல.

"கையைக் குடுடி."

குடுத்தேன். அடுப்புப் பக்கத்துல இருந்த கை, ஐஸ் மாதிரி சில்லுன்னு இருந்துச்சு. என் கையைவிட மோசமா நடுங்குச்சு. எழுந்த பிறகும் விடல.

"நாளைக்கும் போவாங்கடி"ன்னுச்சு, உள்ள கேக்காத மாதிரி. "கொட்டை கொஞ்சம் கூட வாங்கி வையி. நானும் வந்து கிண்டுறேன்."