சுந்தா நீரிணைக்குத் தெற்கே

"டிரான்சிட் டைம் நாலு வாரம் சார்" என்று ஏஜென்ட் சொன்னதும், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரைக்கும் என்று கேட்டேன். சரக்கு என்னுடையது அல்ல. அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை வைத்திருக்கும் என் நண்பருடையது. ஆனால் ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் சரக்கு வந்த தேதியும் போன தேதியும் எழுதியே ஓய்வு பெற்றவன் நான். கேள்வி தானாக வாயில் வந்துவிட்டது.

ஏஜென்ட் இளைஞர். பாரிமுனையிலிருந்து பைக்கில் வந்திருந்தார். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் பதில் சொன்னார்.

"கப்பல் இங்க கெளம்பினதுலேர்ந்து அங்க சேர்ற வரைக்கும் சார்."

"அதுக்கு முன்னாடி பெட்டி துறைமுகத்துல காத்திருக்குமே, அந்த நாள்?"

"அது கணக்குல வராது."

"சிங்கப்பூர்ல வேற கப்பலுக்கு மாத்துறாங்களே, அங்க நிக்கிற நாள்?"

"அது வரும் சார். ஆனா கனெக்ஷன் கப்பல விட்டுட்டா வராது."

நண்பர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணாச்சி, ஒங்க கணக்கெல்லாம் பொறவு வச்சுக்கிடுவோம். எனக்கு ஒரே கேள்விதான். அங்க ஆஸ்திரேலியாவுல கோதும அறுக்கதுக்கு முன்னால போய்ச் சேருமா, சேராதா?"

"சேர்ந்துடும் சார்" என்றார் ஏஜென்ட். அவர் சொன்ன பதில்களில் இது ஒன்றுதான் எனக்குத் தெளிவில்லாமல் பட்டது.

நண்பர் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர். எங்கள் குடியிருப்பில் எனக்குக் கீழ் வீடு. பல வருடங்களாகப் பெரிய கம்பெனிகள் கொடுக்கும் இரும்பை அவர்கள் சொன்ன அளவுக்குக் கடைந்து கொடுப்பதுதான் அவர் தொழில். பொருளில் அவர் பெயர் இருக்காது. இந்த முறைதான் முதன்முதலாகத் தன் பெயரில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு நேரடியாக அனுப்புகிறார். அறுவடை இயந்திரத்தில் சங்கிலியை ஓட்டும் பற்சக்கரங்கள். அறுவடைக்கு முன் போய்ச் சேர்ந்தால் விற்கும். தாமதமானால் அடுத்த வருடம் வரை அலமாரியில் கிடக்கும். அப்படிக் கிடந்தால் அடுத்த ஆர்டர் இல்லை என்று அந்த மனிதர் முதலிலேயே சொல்லியிருந்தார். மரியாதையாகத்தான் சொல்லியிருந்தார்.

நாம் இங்கே ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீரில் நடக்கும்போது அங்கே கோதுமை முற்றி வெயிலில் காய்ந்து நிற்கும் என்பதை நான் புத்தகத்தில் படித்ததுண்டு. அது அம்பத்தூரில் ஒருவருடைய தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம் என்று அதுவரை நினைத்ததில்லை.

காலிக் கன்டெய்னர் பெட்டி கிடைப்பதிலேயே தாமதம். சண்டையால் செங்கடல் பக்கம் போக அஞ்சிய கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போவதால், ஐரோப்பாவிலிருந்து திரும்ப வேண்டிய பெட்டிகள் இன்னும் வழியில் இருக்கின்றன என்றார் ஏஜென்ட். நம் சரக்கு போவது கிழக்கே, பிறகு தெற்கே. மேற்கே நடக்கும் சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இருந்தும் அம்பத்தூரில் ஒரு பட்டறை வாசல் காலியாகக் கிடந்தது. இந்த விஷயம் எனக்கு மிகவும் பிடித்துப்போய் வீட்டுக்கு வந்து மனைவியிடம் விளக்கினேன். "அவரு பாவம் கவலையில இருக்காரு, நீங்க சந்தோஷமா சொல்றீங்களே" என்றாள்.

கடைசியில் பெட்டி வந்தது ஆயுத பூஜை அன்று. அடுத்த நாளுக்குள் துறைமுகத்துக்குள் போகாவிட்டால் கப்பலைத் தவறவிட வேண்டும் என்பதால், பூஜையும் ஏற்றுமதியும் ஒரே நாளில் நடந்தன. கடைசல் இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வாசலில் இருபதடிப் பெட்டியோடு நின்ற டிரெய்லருக்கும் பொட்டு வைத்தார்கள்.

நான் பெட்டிக்குள் ஏறிப் பார்த்தேன். பலகைத் தரையில் பழைய கீறல்கள். சுவரில் யாரோ சீன எழுத்தில் சாக்கட்டியால் ஏதோ கிறுக்கியிருந்தார்கள். உள்ளே லேசாகக் காப்பிக்கொட்டை வாசனை. இதற்கு முன் எதை ஏற்றிக்கொண்டு எந்தெந்த ஊருக்குப் போயிருக்கும் என்று கேட்டேன். ஏஜென்டுக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியாது என்றார்.

ஆஸ்திரேலியாவுக்குப் போகும் சரக்குக்குக் கெடுபிடி அதிகம். மண், விதை, வைக்கோல், பூச்சி எதுவும் உள்ளே போகக்கூடாது. சரக்கை அடுக்கும் மரத் தட்டுகளைக்கூடச் சூட்டில் பதப்படுத்தி முத்திரை குத்தி வாங்கியிருந்தார் நண்பர். பெட்டி சுத்தமாக இருக்கிறது, செடிகொடி சம்பந்தமான எதுவும் உள்ளே வைக்கவில்லை என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். பூசணிக்காயைக்கூடப் பெட்டியிலிருந்து இருபதடி தள்ளித் தெருமுனையில்தான் உடைக்கச் சொன்னார்.

அதை உடைத்தவர் மேஸ்திரி. பாடியில் பிறந்து, அங்கேயே ஒரு பழைய தொழிற்சாலையில் வேலை கற்றவர். பட்டறை தொடங்கிய நாளிலிருந்து நண்பரோடு இருக்கிறார். ஆயுத பூஜையன்று வாசலை மிதித்த யாரும் வெறுங்கையோடு போகக்கூடாது என்பது எஸ்டேட்டின் வழக்கம். தபால்காரர், டீக்கடைக்காரர், எதிர்ப் பட்டறைக் காவலாளி என்று எல்லாருக்கும் பொரி, பொட்டுக்கடலை, நாட்டுச் சர்க்கரை போட்ட பொட்டலங்களை அவர்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டு. கதவை மூடி, சீல் போட்டு, படம் எடுத்தோம். விஜயதசமி காலையில் டிரெய்லர் பாடி பக்கம் திரும்பி எண்ணூர் துறைமுகத்துக்குப் போனது.

பிறகு எனக்கு நல்ல பொழுதுபோக்கு கிடைத்தது. கப்பல்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் செயலி ஒன்றைக் கைபேசியில் இறக்கிக்கொண்டேன். நம் கப்பல் ஒரு பச்சைப் புள்ளி. வங்கக் கடலைக் குறுக்காகக் கடந்து, நிக்கோபாருக்குத் தெற்கே வளைந்து, மலாக்கா நீரிணைக்குள் நுழைந்தபோது புள்ளிகளின் நெரிசலைப் பார்த்து அசந்துவிட்டேன். காலை எட்டரை மணிக்குப் பாடி மேம்பாலத்தடியில் நிற்பது போல இருந்தது. அந்தக் காலத்தில் இந்த நீரிணையின் வாயிலில் காற்று மாறுவதற்காகக் கப்பல்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன என்று படித்திருக்கிறேன். இப்போது காற்றுக்காக யாரும் காத்திருப்பதில்லை. ஆனாலும் நம் பெட்டி சிங்கப்பூரில் காத்திருந்தது. ஏஜென்ட் சொன்ன "கனெக்ஷன்" தவறிவிட்டது. கடலில் ஓடிய நாட்களுக்குக் குறையாமல் அது அங்கே அடுக்கில் சும்மா உட்கார்ந்திருந்தது.

தினமும் சாயங்காலம் பட்டறைக்கு எதிரே டீக்கடையில் நான் செய்தி வாசிப்பேன். மேஸ்திரிதான் முதல் ஆளாக வருவார்.

"இன்னா சார், நம்ம பொட்டி எங்க கீது?"

"இன்னும் சிங்கப்பூர்லதான்."

"இன்னாத்துக்கு அங்கயே குந்திக்கினு கீது? ஊரு புடிச்சுப் போச்சா?"

ஒருவழியாக அடுத்த கப்பலில் ஏறியது. சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் நடுவிலுள்ள சுந்தா நீரிணை வழியாக இறங்கி, இந்தியப் பெருங்கடலில் நுழைந்ததும் புள்ளி மறைந்தது. கரையிலிருக்கும் கருவிகளுக்கு எட்டும் தூரம் வரைதான் இலவசச் செயலி காட்டுமாம். பழைய டச்சுக் கப்பல்கள் இதே கடலில், எவ்வளவு கிழக்கே வந்துவிட்டோம் என்று கணக்கிட வழியில்லாமல், வடக்கே திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி ஆஸ்திரேலியக் கரையில் மோதின என்று டீக்கடையில் சொன்னேன்.

"அண்ணாச்சி, நல்ல நேரம் பாத்துச் சொன்னீய" என்றார் நண்பர்.

மேஸ்திரி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "வயி கண்டுக்கினு போவும் சார், நீ சொல்லு. பொட்டி தொறக்க இன்னும் எவ்ளோ நாளு ஆவும்?"

"பத்து பதினைஞ்சு நாள் ஆகலாம்."

"அய்ய. பொரி நமுத்துப் பூடுமே."

நண்பர் கிளாஸைக் கீழே வைத்தார். "எந்தப் பொரி?"

"ஆயுத பூஜ பொரிதான் மொதலாளி. எல்லாருக்கும் குட்த்தோம். அங்க கதவத் தொறக்கறவன் மட்டும் இன்னா பாவம் பண்ணான்? கதவாண்ட அட்டப்பொட்டி மேல ஒரு பொட்டலம் வச்சேன். தொறந்த ஒடனே கைல கெடைக்கட்டும்னு."

"வேற என்ன வச்சீரு?"

"ஒரு எலுமிச்சம்பயம். கொஞ்சம் மாவெல." நண்பரின் முகம் போன போக்கைப் பார்த்து அவர் குரல் இறங்கியது. "வாயப்பயம் வெக்கல மொதலாளி. அது அயுவிப் பூடும்னு எனக்குத் தெரியாதா?"

டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். நண்பர் சிரிக்கவில்லை. சுத்தமான பெட்டி என்று தான் போட்ட கையெழுத்து அந்தப் பொட்டலத்தோடு சேர்ந்து போய்க்கொண்டிருக்கிறது என்பதை மேஸ்திரிக்கு விளக்கினார். திட்டவில்லை. விளக்க விளக்க மேஸ்திரிதான் சிறுத்துப்போனார்.

அன்றே ஏஜென்டுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் நாங்களும் கேட்டோம்.

"சார், எல்லாப் பெட்டியையுமா தொறந்து பாக்கப் போறாங்க? பேசாம இருங்க. நீங்களா சொன்னா கட்டாயம் தனியா எடுத்து வச்சுத் தொறப்பாங்க. அறுப்புக்கு முன்னாடி சரக்கு போவாது."

போனை வைத்துவிட்டு நண்பர் என்னைப் பார்த்தார். சொன்னால் தாமதம் நிச்சயம். சொல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காமல்கூடப் போகலாம்.  

"அவன் யார்டுல தொறக்கும்போது அகப்பட்டா, அங்க இறக்குமதி பண்ணுனவன் பேருல்லா கெட்டுப்போவும்?" என்று அவரே கேட்டுக்கொண்டார். "நம்மள நம்பி மொத மொதல்ல வாங்குதான். நாமளே சொல்லிருவோம் அண்ணாச்சி. நீங்க இங்கிலீஷ்ல எழுதுங்க."

எழுத உட்கார்ந்த பிறகுதான் பொரியை விளக்குவது எவ்வளவு சிரமம் என்று தெரிந்தது. பொரித்த அரிசி என்றால் எண்ணெய் வந்துவிடுகிறது. கருவிகளை வணங்கும் நாள் என்றால் அதற்கு இன்னொரு பத்தி வேண்டும். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நண்பர் நாலு வரியாகக் குறைத்தார். என்ன பொருள், எந்த இடத்தில் இருக்கிறது, யார் எதற்காக வைத்தார், மன்னிக்கவும். அவ்வளவுதான்.

இரண்டு நாள் பதில் இல்லை. மழை பிடித்துக்கொண்டது. எஸ்டேட் தெருக்களில் தண்ணீர் நின்றது. மேஸ்திரி டீ குடிக்க வருவதையே நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் பதில் வந்தது. சொன்னதற்கு நன்றி, அதிகாரிகளிடம் தெரிவித்துவிட்டேன், தாமதமாகும், வடக்கு வட்டாரத்தில் அறுவடை தொடங்கிவிட்டது, அந்த விற்பனை போனது போனதுதான். கடைசி வரியில் அந்த மனிதர் ஒரு விஷயம் எழுதியிருந்தார். அங்கே அறுவடை வடக்கில் தொடங்கித் தெற்கே போகும். கடலையொட்டிய தெற்கு வட்டாரத்தில் கதிர் முற்ற இன்னும் சில வாரம் ஆகும். அங்கே முயன்று பார்க்கிறேன்.

அறுவடையும் ஒரு பாதையில் நகர்கிறது என்பது எனக்குப் புதிது. வரைபடத்தை விரித்து நண்பருக்குக் காட்டினேன். நம் பெட்டியும் வடக்கிலிருந்து தெற்கே, அந்த அறுவடையும் வடக்கிலிருந்து தெற்கே. எது முந்தும் என்பதுதான் கேள்வி. "கேள்வியெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் நண்பர். அன்று அவர் சாப்பிடவில்லை என்று பிறகு அவர் மனைவி சொன்னார்.

புள்ளி ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையருகே மறுபடி தெரிந்தது. தென்கரையோரமாக மெல்பர்ன் போய்ச் சேர்ந்தது. பெட்டியைத் தனியே ஒரு கிடங்குக்குக் கொண்டுபோய், அதிகாரி முன்னால் திறந்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. பிறகு படம் ஒன்று வந்தது. திறந்த கதவு, கையுறை போட்ட ஓர் அதிகாரி, கையில் நம் பொட்டலம். கையை நீட்டித் தள்ளிப் பிடித்திருந்தார். மாவிலை காய்ந்து சுருண்டிருந்தது.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினோம். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"துன்னானா சார்?"

"இல்ல. எரிச்சுடுவாங்க."

"நூல்கூட அவுக்கலயே" என்றார். மனம் ஆறவில்லை அவருக்கு.

பற்சக்கரங்கள் தெற்கு வட்டாரத்துக்குப் போயின. விற்றதா என்று நண்பர் கேட்டு எழுதவில்லை. என்னையும் எழுத விடவில்லை. மார்கழி போனது. பொங்கல் கழிந்து ஒரு திங்கட்கிழமை, பட்டறைக்குப் போனபோது நண்பர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். மறுபடியும் ஓர் ஆர்டர். வேறு அளவுகள், கொஞ்சம் அதிக எண்ணிக்கை. இந்த முறை சக்கரங்களோடு வேறெதுவும் வேண்டாம் என்று ஒரு வரியும் இருந்தது.

இரண்டாவது பெட்டி மாசியில் வந்தது. மேஸ்திரி தானே துடைப்பம் எடுத்து உள்ளே பெருக்கினார். மூலைகளை ஈரத்துணியால் துடைத்தார். சரக்கு ஏற்ற வந்த ஆட்களைப் படியிலேயே நிறுத்தி, "செருப்பக் கயட்டிட்டு ஏறுடா, கால்ல மண்ணு கீது பாரு" என்றார். கோயிலுக்குள் போவது போல எல்லோரும் வெறுங்காலோடு ஏறினார்கள். நானும் கழற்றிவிட்டுத்தான் ஏறினேன்.

சீல் போட்டானதும் மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். நண்பர் பதறிப்போனார்.

"டிரைவருக்கு மொதலாளி. எண்ணூர் வரிக்கும் போறவன். இவனுக்குக் குட்த்தா தப்பு இல்லயே?" என்று கேட்டுவிட்டு என்னையும் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினேன்.

டிரைவர் அங்கேயே பொட்டலத்தைப் பிரித்து, பெட்டியில் சாய்ந்துகொண்டு வாயில் கொட்டினார். நாலைந்து பொரி கதவோரம் சிந்தியது. மேஸ்திரி துடைப்பத்தோடு ஓடினார்.

"ஏ நைனா, அந்தாண்ட தள்ளி நின்னு துன்னு!"