தெற்குப் பக்கம்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம் நான் லாரியில் சுமை ஏற்றி இறக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தேன். மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் வாடகை அறையில் தனியாக இருந்த அக்காவுக்கு மூளைக்காய்ச்சல் என்ற செய்தி எனக்கு வந்து சேரவே நாலு நாள் ஆனது. மலாக்கா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். ஆறு வருடம் கழித்து அவளைப் பார்க்கிறேன். ஒரு தடவை கண்ணைத் திறந்து, வந்திருப்பது யார் என்று பார்த்துவிட மாட்டாளா என்றிருந்தது.

வார்டில் ஆள் குறைவு. அதனால் என்னைக் கூட இருக்க விட்டார்கள், வேலையும் கொடுத்தார்கள். நர்ஸை அங்கே மிஸ்ஸி என்பார்கள். தமிழ் மிஸ்ஸி ஒருத்தி காட்டித் தந்தாள்: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் வலப்பக்கம், மல்லாக்க, இடப்பக்கம் என்று மாற்றிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும், விரிப்பில் சுருக்கம் கூடாது, ஈரமானால் உடனே மாற்ற வேண்டும்.

மாலையில் அக்காவின் வீட்டுக்கார அம்மா வந்தாள். அப்போது அக்கா இடப்பக்கம், தெற்கு ஜன்னலைப் பார்த்துக் கிடந்தாள்.

"ஐயோ, தெக்கப் பாத்துக் கிடக்குதே! எமன் திசைப்பா அது. புத்தி வேணாம் ஒனக்கு?"

உடனே திருப்பிவிட்டேன். அதன் பிறகு இரண்டு நாள் வலப்பக்கம், மல்லாக்க, மறுபடி வலப்பக்கம். என் நாற்காலியும் வடக்கே, அந்த வலப்பக்கத்தில்தான் இருந்தது. பயம் பாதி, ஆசை பாதி. நினைவு வந்தால் முதலில் என் முகம் தெரியட்டும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் உடம்பு துடைக்க வந்த மிஸ்ஸி, அக்காவின் வலது இடுப்பில் விரலை அழுத்தி எடுத்தாள். சிவப்பு மாறாமல் நின்றது.

"தோசையக்கூட ரெண்டு பக்கமும் திருப்புறோம். என்னண்ணே செஞ்சீங்க?"

சொன்னேன்.

"எமன் ஜன்னல் வழியா வர மாட்டான்ணே. இந்தத் தோலு பிஞ்சா, அது வழியாத்தான் வருவான்."

பிறகு வலப்பக்கமே படுக்கவைக்கவில்லை. அக்கா பெரும்பாலும் தெற்கைப் பார்த்தே கிடந்தாள். அந்தப் பக்கம் நாற்காலி போட இடமில்லை. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்றுகொண்டே இருந்தேன். சிவப்பு மெல்ல வெளிறி மறைந்தது. ஒரு மத்தியானம் அவள் இமை துடித்தது. குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவ்வளவுதான்.

அந்த வாரக் கடைசியில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது.

குளிப்பாட்டிய பெண்களில் வீட்டுக்கார அம்மாவும் ஒருத்தி. அவள் வெளியே வந்ததும், "வலது இடுப்புல ஏதும் இருந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லப்பா. பச்சப் புள்ள தோலு மாதிரி இருந்துச்சு."

அதையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தது. நான் வந்தது அக்காவுக்குத் தெரிந்ததா என்று யாரிடம் கேட்பது?