எட்டு வளையலும் பி.எல். பட்டமும்

கல்யாணமாகி மூன்றாம் வருஷம், என் கணவருக்குக் கிரிமினல் வக்கீலாக வேண்டும் என்று ஆசை வந்தது. திருவனந்தபுரத்தில் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. மாதம் முப்பது ரூபாய் சம்பளம். பி.ஏ. முன்பே தேறியிருந்தார். ஆபீஸ் காகிதம் ஒன்றைக் கொடுக்கக் கோர்ட்டுக்குப் போன இடத்தில், பொய்ச்சாட்சி சொல்ல வந்த ஒருவனை ஒரு வக்கீல் கேள்வி மேல் கேள்வி கேட்டு மடக்கியதைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு தாளில் செலவை எழுதிக் காட்டினார். சட்டக் கல்லூரிச் சம்பளம், புஸ்தகம், பரீட்சைப் பணம், கறுப்புக் கோட்டு. என் எட்டுத் தங்க வளையலையும் விற்றால் ஏறக்குறையக் கட்டிவரும். அவை என் அப்பா போட்டவை. மாமனார், "அது அவ சொத்து, அவதான் சொல்லணும்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

தாளை வாங்கிப் பார்த்தேன். படிக்கிற இரண்டு வருஷமும் வராமல் போகும் ஆபீஸ் சம்பளத்தை அவர் எழுதவே இல்லை. படித்த பிறகு ஒரு பெரிய வக்கீலிடம் வெறுங்கையோடு வேலை கற்கும் காலமும் அதில் இல்லை. கேட்டால், "சம்பாதிக்க ஆரம்பிச்சா எல்லாம் வந்துடும்" என்றார். எவ்வளவு வரும் என்றால் அவருக்கே தெரியாது.

எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றிருந்தது. வளையலுக்காக மட்டும் இல்லை. திருடனுக்காகப் பேசி ஒரு மனிதன் என்னதான் சம்பாதிக்கிறான் என்று அறிய எனக்கே மனசு குறுகுறுத்தது. ஆனால் ஒரு வக்கீலிடம் போய் நான் எப்படிக் கேட்பது?

நல்லவேளை, நவராத்திரி வந்தது. கொலு வைத்த வீட்டுக்கு அழைப்பில்லாமலே போகலாம். ஒரு பாட்டுப் பாடி, சுண்டலும் வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டு, கண்ணை நாலு பக்கமும் ஓட்டலாம். கரமனையில் எங்கள் தெருவிலேயே சிவில் வக்கீல் ஒருவரும் கிரிமினல் வக்கீல் ஒருவரும் இருந்தார்கள்.

சிவில் வக்கீல் வீட்டில் வெள்ளிக் குங்குமச்சிமிழ். சுண்டலில் தேங்காய் தாராளம். வந்த பெண்களுக்கெல்லாம் ஒரு ரவிக்கைத் துண்டு. கிரிமினல் வக்கீல் வீட்டிலோ, ஆளுக்கு ஒரு சீப்பு நேந்திரம்பழத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள் மாமி! எட்டிப் பார்த்தேன். உள்ளே நாலைந்து குலை தொங்கியது. கீழே சேனையும் பூசணியும் குவிந்து கிடந்தன. கிரிமினல்தான் கொழிக்கிற தொழில் என்று முடிவு கட்டி, மனதுக்குள் பாதி வளையலைக் கழற்றியும் விட்டேன்.

ஒன்றுதான் உறுத்தியது. மாமி கொடுத்த காப்பியில் சர்க்கரை இல்லை, வெல்லம். அதனால் பாட்டு நோட்டை வேண்டுமென்றே அங்கே மறந்துவிட்டு வந்து, அதை எடுக்கிற சாக்கில் மறுநாளும் போனேன். மாமி கொல்லையில் நின்றுகொண்டிருந்தாள். கிணற்றுத் தூணில் கால் கட்டிய ஒரு கோழி தெருவுக்கே கேட்கக் கத்தியது.

"என்ன மாமி இது, நம்மாத்துல கோழி?"

"பீஸாக்கும்! அடிதடி கேஸ்காரன் ஒருத்தன் கட்டிட்டுப் போயிட்டான். கோழியை வச்சுண்டு நாங்க என்ன பண்ணன்னு கேட்டா, தர வேற ஒண்ணும் இல்லைங்கறான் பாவம். பழமும் அப்படித்தான். நாலு நாள்ல அழுகிடும், அதான் வெறுதே வாரிக் குடுக்கறேன். மளிகைக்காரன் பழத்தை வாங்கிண்டு சர்க்கரை தருவானோ?"

"பணமா வராதோ?"

"கேஸுக்கு முந்தி வந்தா உண்டு. ஜெயிச்சவன் ஆத்துக்கு ஓடிடுவான், தோத்தவன் ஜெயிலுக்குப் போயிடுவான். ரெண்டு பேரும் இந்தப் பக்கம் வரமாட்டா, கேட்டியா?"

நான் சிரித்துவிட்டேன். மாமியும் சிரித்தாள். பிறகு, "ஆனா ஒண்ணு. பதினாறு வருஷமாச்சு. கோர்ட்டுக்குக் கிளம்பறச்சே அவர் ஒரு நாள்கூட முகம் சுளிச்சதில்லை. ஞாயித்துக்கிழமைதான் அவருக்குக் கொள்ளாது, கோர்ட்டு இல்லையே" என்றாள்.

அன்று சாயங்காலம் என் கணவரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பழம், வெல்லக் காப்பி, கோழி. மாமி கடைசியாகச் சொன்னதை மட்டும் விழுங்கிவிட்டேன். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரி, வேண்டாம்" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அந்த நிம்மதி இரண்டு நாள்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலை ஆபீஸுக்குப் புறப்பட்டவர், குடையைக் கையில் பிடித்தபடி படியில் அப்படியே நின்றார். மழையும் இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரோ பின்னாலிருந்து தள்ளினதுபோல இறங்கிப் போனார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை.

அவர் திரும்பி வந்ததும், மாமி கடைசியாகச் சொன்னதைச் சொன்னேன்.

"இதை ஏன் அன்னிக்கே சொல்லலை?"

"சொன்னா வளையல் போயிடுமேன்னுதான்."

"குறுக்கு விசாரணை இல்லாமலே சாட்சி உண்மையைக் கக்கிடுத்தே!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கோழிதான் பீஸ்னு தெரிஞ்சும் போவேளா?"

"போவேன்." யோசிக்கக்கூட இல்லை.

நான் அங்கேயே உட்கார்ந்து வளையல்களைக் கழற்ற ஆரம்பித்தேன். அவர் பதறிப்போனார். "ஆனியிலதானே காலேஜ் திறப்பா. இன்னும் எட்டு மாசம் கிடக்கு. இப்போ என்ன அவசரம்?"

"இப்பவே எடுத்துண்டு போங்கோ," என்றேன். "ஆனி வரைக்கும் கையில கிடந்தா நான் தரமாட்டேன்."